கையெழுத்துக் கூலி

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. எழுதினால், "என் பேரைப் போட்டு உங்க கட்டுரையை விக்கிறீங்களே முதலாளி, அதுக்கு எனக்கு என்ன கூலி?" என்று எங்கிருந்தாலும் எழுந்து வந்து கேட்டுவிடுவார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இருந்தாலும் அந்த மனிதர் விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஊரில் அவருக்குக் கூலிப் புலவர் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். அவரோ அதில் ஒரு குறையும் காணவில்லை. "புலவர்ங்கிறதுதான் கொஞ்சம் ஜாஸ்தி. கூலிங்கிறது சரியாத்தான் இருக்கு" என்பார்.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தேன். கலியாணப் பத்திரிகை, கோயில் நோட்டீசு, மளிகைக்கடை ரசீது, இவைதான் என் பிழைப்பு. என்னை முதலாளி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். காகிதக் கடைக்காரர்கள் வேறு பெயர்களில் கூப்பிடுவார்கள்.

அப்போதெல்லாம் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழ்த்துப்பா அடிக்காமல் வசதியான வீட்டில் தாலி ஏறாது. ரோஸ் காகிதம், தங்க மை, நாலு மூலையிலும் நாலு கிளி. பாட்டெழுதுகிறவருக்குப் பந்தியில் முதல் இலை, வெற்றிலைத் தட்டு, தோளில் ஒரு சரிகைச் சால்வை. காசு என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று எழுதுகிறவர்கள் நம்பினார்கள். கொடுக்க வேண்டியவர்கள் இன்னும் பலமாக நம்பினார்கள்.

கிள்ளானில் ஒரு துணிக்கடை முதலாளி. அவர் மகள் கலியாணத்துக்கு வாழ்த்துப்பா எழுத ஆள் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகத்தை உதறிவிட்டு, "இனிமே எழுதித்தான் சாப்பிடப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு இவர் என் அச்சகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். பைத்தியம் முற்றுவதற்குள் நாலு இலைச் சாப்பாடாவது கிடைக்கட்டுமே என்று அவரைக் கூட்டிப் போனேன். என் புத்தியை என்ன சொல்வது!

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. வாசித்து முடித்ததும் பந்தலில் ஆஹா, ஆஹா. துணிக்கடை முதலாளி எழுந்து வந்து சால்வையைப் போர்த்தினார். இவர் அதை நிதானமாக எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷங்க. கூலியை எப்ப வாங்கிக்கலாம்?" என்று கேட்டார்.

நான் என் இலையில் இருந்த அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க இது, பாட்டுக்குப் போயி கூலியா? அது சரஸ்வதி கடாட்சமாச்சே!" என்றார் துணிக்கடை முதலாளி.

"பந்தல் போட்டவருக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"நாதஸ்வரக்காரருக்கு?"

"அவருக்குக் குடுக்காம இருப்பாங்களா?"

"அவர் வாசிப்புலயும் சரஸ்வதி இருக்காங்களே. அவருக்கும் ஒரு துண்டைப் போத்தி அனுப்பியிருக்கலாமே?"

சீவாளியைக் கழற்றிக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கூலி மட்டும் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் இவர் என்னை இழுத்துக்கொண்டு மறுபடி கிள்ளானுக்குக் கிளம்பினார். ரயில் செலவு என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன். நேரே துணிக்கடை. கடையில் நல்ல கூட்டம். சால்வையைப் பலகைமேல் விரித்து, "அண்ணே, இது உங்க கடைச் சரக்குதான். திருப்பி எடுத்துக்கிட்டா என்ன விலை தருவீங்க?" என்று கேட்டார். துணிக்கடை முதலாளி திருதிருவென்று விழித்தார். குறைத்துச் சொன்னால் தன் சரக்கு மட்டம் என்று கூடியிருந்த அத்தனை பேருக்கும் தானே சொன்னதாகிவிடும். கூட்டிச் சொன்னால் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் சரிகையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு முழு விலையையும் எடுத்து வைத்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, அன்று மத்தியானம் எங்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார். அதற்குப் பிறகு கிள்ளானில் இவரை அழைக்கிறவர்கள் எல்லாரும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் காசாசை பிடித்தவர் என்று நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் வீட்டுக்கு ஒரு காலை போன பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

ரயில்வேக் குடியிருப்புக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ரயில்வேக்காரர்களுக்குச் சங்கு ஊதியது. சட்டென்று எழுந்தார். சட்டையைப் போட்டுப் பித்தானை மாட்டினார். தலை வாரினார். மனைவி தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக் கொடுத்தார். "வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "இனிமே சாயங்காலச் சங்கு ஊதினாத்தான் வருவாரு. நீங்க அப்புறம் வாங்க அண்ணே" என்றார் அந்த அம்மாள், ஏதோ என் வீட்டிலும் தினம் இதுதான் நடக்கிற மாதிரி. நடுவே யார் வந்தாலும், "அவரு வேலைக்குப் போயிருக்காரு" என்பதுதான் பதில். உள்ளே இருமல் கேட்கும். கேட்டாலும் அவர் வீட்டில் இல்லை. அவ்வளவுதான்.

எழுதிய தாள்களைக் குடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் கொட்டுகிற மழையில் மூடிய குடையை மார்போடு அணைத்துக்கொண்டு தொப்பலாக வந்து சேர்ந்தார். "விரிச்சா பக்கமெல்லாம் சடக்குல கொட்டிடும்லா" என்றார், வெளியே சாலையைக் காட்டி. அந்த நிலையிலும் நான் கூலியை மேசைமேல் வைத்த பிறகுதான் குடை திறந்தது.

கொடுப்பதிலும் அப்படித்தான். அச்சான பக்கத்தைத் திருத்தும்போது தன் தவறுக்காக நாலு வரி மாற்றினால், எழுத்துக் கோக்கிறவர் கையில் தன் பையிலிருந்து காசு கொடுத்துவிடுவார். "என் புத்தி மாறினதுக்கு உங்க விரல் ஏன் வலிக்கணும்?" என்பார். வேறு எந்த எழுத்தாளரும் என் ஆட்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவர் கேட்டதை மட்டும் ஊர் பேசிற்று. கொடுத்ததை யார் பேசினார்கள்?

காலம் மாறிக்கொண்டிருந்தது. நானும் ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தேன். அதில் அவருடைய தொடர்கதை வந்தது. செங்கமலம் என்று ஒரு பெண். மலாயாவுக்குப் போன புருஷனிடமிருந்து சேதி ஒன்றும் வராமல், அவனைத் தேடித் தன்னந்தனியே கப்பல் ஏறுகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் வாரா வாரம் பத்திரிகை வருவதற்கு முன்பே என் வாசலில் ஆள் நின்றது. செங்கமலத்தின் கையிலிருந்த பித்தளைச் செம்பு காணாமல் போன வாரத்தில், செந்தூலிலிருந்து ஒருவர் வந்து, "அந்தச் செம்பு கிடைச்சிடுமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று என் சட்டையைப் பிடிக்காத குறை.

கதை முடிந்ததும் புத்தகமாகப் போட வேண்டும் என்று பேச்சு வந்தது. அந்த நாளில் புத்தகம் போட ஒரே வழிதான். பணக்காரர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். அவர் அச்சுக்கூலி கொடுப்பார். முதல் பக்கத்தில் தலைப்பாகையோடு அவர் படம், அடுத்த பக்கத்தில் அவர் குலப்பெருமை பாட்டாக. எழுதியவருக்குக் கொஞ்சம் பிரதிகள். அதை அவர் தலையில் சுமந்து விற்றுக்கொள்ள வேண்டியதுதான். கிள்ளான் துணிக்கடை முதலாளியே நல்ல மனதோடு முன்வந்தார். படம்கூட எடுத்து வைத்திருந்தார்.

இவர் மாட்டேன் என்றுவிட்டார். "படிக்கிறவன் காசுல நான் சாப்பிடணும் முதலாளி. படம் போடுறவர் காசுல இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அச்சடிங்க. விக்கிற ஒவ்வொரு பிரதிக்கும் எனக்கு அஞ்சு காசு" என்றார்.

"அஞ்சு காசா! காகிதம் யாரு வாங்குறது? மை யாரு வாங்குறது?"

"நீங்கதான். அதுக்குத்தான் மிச்சம் அத்தனையும் உங்களுக்கு. கதை யாரு எழுதுனா?"

"நான் எத்தனை வித்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு புத்தகத்துலயும் நான் கையெழுத்துப் போடுவேன். போடும்போதே அஞ்சு காசு வாங்கிக்குவேன். கையெழுத்து இல்லாத புத்தகம் கடைக்குப் போகக்கூடாது."

கடலுக்கு அக்கரையில், ஊர்ப்பக்கம், சிலர் அப்படிச் செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நம் பக்கத்தில் யாரும் செய்ததில்லை. ரப்பர் முத்திரை ஒன்று செய்து குத்திவிடலாமே, கை வலிக்காதே என்றேன். "உங்களை நம்புறேன் முதலாளி. உங்க முத்திரையைத்தான் நம்பல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செந்தூல்காரர் என் சட்டையைப் பிடிக்க வந்தது நினைவிருந்தது.

இரண்டாம் பக்கத்துக்கு நானே ஓர் அறிவிப்பு எழுதினேன். "ஆசிரியர் கையொப்பம் இல்லாத பிரதி செல்லாது. அத்தகைய பிரதி வைத்திருப்போர் கீழ்க்கண்ட விலாசத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்" என்று, படிக்கிறவன் கொஞ்சம் நடுங்கட்டும் என்று முறுக்காகவே எழுதினேன். அதன் கீழே என் அச்சகத்தின் விலாசம். அதற்கும் கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு.

கையெழுத்துப் போட வந்த நாளில் சட்டைப் பித்தானெல்லாம் மாட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளும் கூட வந்து, ஒவ்வொரு கையெழுத்தின்மேலும் ஒற்றுக்காகிதத்தை வைத்து எடுத்தார். முதல் அச்சு மளமளவென்று விற்றது. வாடகை, பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவு, அரிசி, எல்லாம் அந்தக் கோட்டின்மேல் விழுந்த மையிலிருந்து நடந்தது. இந்த ஊரில் எழுதியே வீடு நடத்திய மனிதரை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெருமையில் கொஞ்சம் எனக்கும் பங்குண்டு. அஞ்சு காசு எனக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாம் அச்சைத் தைரியமாகக் கடனுக்குக் காகிதம் வாங்கி அடித்தேன். அவரும் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அஞ்சு காசை மட்டும் விற்க விற்க வாங்கிக்கொள்வதாக விட்டுக்கொடுத்தார். எனக்காக அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒன்றுதான். அந்தச் சமயம் பார்த்துத்தான் கித்தா விலை, அதாவது ரப்பர் விலை, விழுந்தது.

விழுந்தது என்றால் சும்மா இல்லை. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்தார்கள். பெட்டி படுக்கையோடு ஜனங்கள் ஊர் திரும்பக் கப்பலுக்குப் போவதைத் தினமும் ஸ்டேஷனில் பார்த்தோம். ஒருவேளைச் சோற்றுக்கே வழியில்லாதபோது யார் கதை வாங்குவார்கள்? கலியாணங்களில் கிளிகள் பறந்துவிட்டன, வெறும் மஞ்சள் தடவிய அட்டைதான். பத்திரிகையை நிறுத்தினேன். புத்தகக் கட்டுகள் என் அச்சகத்துச் சுவரோரம் கூரைவரை நின்றன.

போதாக்குறைக்குத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பாதி விலைக்கு அதே புத்தகம் விற்றது. எங்கோ அக்கரையில் யாரோ களவாக அடித்து அனுப்பிய பிரதி. அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை அப்படியே. என்னுடைய அறிவிப்பைக்கூட ஓர் எழுத்து விடாமல் அடித்திருந்தான் அந்தப் புண்ணியவான்! "செல்லாது" என்று தன் புத்தகத்திலேயே அச்சடித்து விற்ற திருடனை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. கையொப்பத்துக்கான கோடு மட்டும் காலியாக இருந்தது.

அவர் ஒரு பிரதியை விலை கொடுத்து வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தார். நான் கத்தினேன், குதித்தேன், வக்கீலிடம் போகலாம் என்றேன். அவர் அந்தக் காலிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரவாங் பக்கம் ஒரு தோட்டத்துல கிராணி வேலை இருக்காம். கிள்ளான் துணிக்கடை அண்ணன் சொல்லி வெச்சிருக்காரு. திங்கட்கிழமை வேலைக்குப் போறேன்" என்றார். வேலைக்குப் போகிறேன் என்று அவர் சொல்லி, அது பின்னறையாக இல்லாமல் போனது அன்றைக்குத்தான். எழுத்தை விட்டால் அந்த மனிதர் உயிரோடு இருப்பார், ஆனால் அவராக இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் திங்களுக்கு முந்திய ஞாயிறு. மிச்சமிருந்த கட்டுகளைப் பழைய காகிதத்துக்குப் போடுவதா என்று பேசுவதற்காக அவரை அச்சகத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். அவர் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் வாசலில் ஒரு சிறு கூட்டம். சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள். ரயிலில் வந்திருக்கிறார்கள். கையில் துணியில் சுற்றிய புத்தகங்கள். லயம் என்கிற வீட்டு வரிசைக்கு ஒன்றாக நாலு வீடு, ஐந்து வீடு சேர்ந்து காசு போட்டு வாங்கியவை. எல்லாம் பத்துமலைச் சரக்கு.

முன்னால் நின்ற பெண் நல்ல உயரம், ரப்பர்ப் பால் வெட்டிக் காய்த்த கை. துணியைப் பிரித்து, காலிக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"ஐயா, இதுல கையெழுத்து இல்லீங்க. செல்லாதுன்னு போட்டிருக்கு. பாதி படிச்சப்புறந்தான் எங்காளு பார்த்தாரு. அதோட பயந்துபோயி மூடி வெச்சிட்டோம். இந்த விலாசத்துல வந்து தெரிவிக்கணும்னு போட்டிருக்கு, அதான் வந்தோம்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. தோட்டத்தில் அரிசி வாங்கச் சீட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு, ஒருநாள் வெளியே போய்வரச் சீட்டு. எல்லாவற்றிலும் கிராணி கையெழுத்து விழ வேண்டும். விழாத சீட்டு செல்லாது, அதோடு போனால் அபராதம். புத்தகமும் அந்த மாதிரி ஒரு சீட்டு என்று நினைத்துவிட்டார்கள். நான் முறுக்காக எழுதிய அறிவிப்புக்கு நடுங்கியவர்கள் இந்த உலகத்தில் இவர்கள்தான்.

"இது திருட்டுப் புத்தகம்மா!" என்று நான் குரலை உயர்த்தினேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "நாங்க ஒண்ணும் திருடலைங்க. காசு குடுத்துத்தான் வாங்கினோம். கையெழுத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, குடுத்துட்டுப் போறோம்."

மூலையில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து வந்தார். "அஞ்சு காசு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கஞ்சிக்கு அல்லாடுகிற ஜனங்கள். ஏமாந்து வந்து நிற்கிறவர்கள். இவர்களிடமா! அவரோ சட்டையின் மேல் பித்தானை மாட்டிக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து, பேனாவை எடுத்துவிட்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். முடிச்சிலிருந்து காசை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்கள். அவர் அதைக் கையால் எடுத்துப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தத் திருட்டுப் புத்தகத்தின் காலிக் கோட்டில் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார். ஒற்றுக்காகிதம் இல்லாததால் தானே ஊதி ஊதி உலர்த்திக் கொடுத்தார். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நான் அவர் காதருகே குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "என்ன ஐயா அநியாயம் இது? களவுப் பிரதிக்கு நீங்களே கையெழுத்துப் போட்டா, சுவரோரம் நிக்கிற கட்டுக்கெல்லாம் என்ன அர்த்தம்? அதுவும் இவங்ககிட்ட காசு வாங்குறீங்களே, மனசாட்சி இருக்கா?"

அவர் தலை நிமிரவில்லை. "வாங்கலேன்னா தர்மம் பண்ணுன மாதிரி ஆயிடும் முதலாளி. இவங்க தர்மம் கேட்டா வந்தாங்க?" என்றார். பேனாவை மையில் தோய்த்தார். "எனக்குச் சால்வை போத்தினவங்க எத்தனையோ பேரு. நான் வாயத் திறந்து கேக்காம கூலியக் கொண்டுவந்து நீட்டினவங்க இவங்கதான்."

நான் அடுத்தவர் புத்தகத்தை வாங்கி, கோடு உள்ள பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

எல்லாரும் முடித்த பிறகும் ஓர் ஆள் மட்டும் வாசற்படியிலேயே நின்றார். நடுவயசு, முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டி, கையில் புத்தகம் இல்லை. சுங்கை பூலோவுக்கு அப்பால் வேறு தோட்டத்துக்காரராம். ரயிலில் இவர்கள் பேச்சைக் கேட்டுக் கூடவே வந்துவிட்டார். மெல்ல உள்ளே வந்து மேசைமேல் ஒரு அஞ்சு காசை வைத்தார்.

"உங்க புத்தகம் எங்கே?" என்று கேட்டார் இவர்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எங்க லயத்துல ஒருத்தர் சத்தமாப் படிப்பாரு. நான் கேட்டேன். அவரைக் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க, புத்தகத்தையும் கொண்டுபோயிட்டாரு." கொஞ்சம் தயங்கினார். "கேட்டதுக்கும் கூலி உண்டுதானுங்களே."

எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கும் மனிதர், அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதில் மட்டும் மாற்றமில்லை.

"எதுவரைக்கும் கேட்டீங்க?"

"கிள்ளான் துறையில கப்பல் வந்து நிக்குதுங்க. செங்கமலம் ஏணியில இறங்குறா. கூட்டத்துல அவ புருஷன் மாதிரி ஒரு முதுகு தெரியுது. அதோட நின்னுபோச்சு." பிறகு அடக்க முடியாமல் கேட்டார்: "அது அவன்தானுங்களா?"

இவர் சுவரோரம் போய் ஒரு கட்டை அவிழ்த்து ஒரு புத்தகத்தை எடுத்தார். "உட்காருங்க. கூலி வாங்கிட்டேன், வேலையை முடிக்கணும்" என்றார். பக்கத்தைத் தேடி எடுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏணியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

கையெழுத்து வாங்கியவர்கள் யாரும் கிளம்பவில்லை. காகிதக் கட்டுகளின்மேலும் தரையிலுமாக உட்கார்ந்துவிட்டார்கள். என் அச்சகத்தில் கோத்த கதை, எத்தனையோ தடவை திருத்திய கதை, ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். இருந்தும் நானும் உட்கார்ந்துவிட்டேன். அந்த முதுகு திரும்பும் இடத்தில் அந்த ஆள் தன் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்து, "ஐயோ, அவன் இல்லியா!" என்று அலறினார். வெளியே போய்க்கொண்டிருந்த இரண்டு ரயில்வேக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அவர்களும் உள்ளே வந்தார்கள். இவர் படித்துக்கொண்டே இருந்தார். குரல் கட்டியது, நான் தண்ணீர் கொடுத்தேன். செங்கமலம் கடைசியில் புருஷனைக் கண்டுபிடித்து, அவன் கட்டியிருந்த புதுக் குடும்பத்தையும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்து, தானே ஒரு தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துகொள்கிறாள். அந்த இடத்தில் உயரமான பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த ஆள் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் பண்ணா" என்றார் கடைசியில்.

கிளம்பும்போது அந்தப் பெண், "ஐயா, எங்க தோட்டத்துல படிக்கத் தெரியாதவங்க நிறையா. நீங்களே வந்து படிப்பீங்களா? தலைக்கு ஒரு காசு போட்டுடுவோம்" என்றாள்.

"ரயில் செலவு?" என்றார் இவர்.

அவள் சிரித்துவிட்டாள். "அதையும் போட்டுடறோம்லா, வாங்க!"

அவர்கள் போன பிறகு அவர் படித்த புத்தகத்தைத் திரும்பக் கட்டுக்குள் சொருகினார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் வழியனுப்பலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். ரவாங் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் மனசு என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். அவர் முன்னறையில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தூக்குச்சட்டியோடு நின்றார். சங்கு ஊதியது. அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார், பித்தானை மாட்டினார், தலை வாரினார்.

"வேலைக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

"சரி, வாங்க" என்றார் அந்த அம்மாள்.

தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.